வேர்முடிச்சை முடிவு செய்யும் புரதங்கள்

மும்பையில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் செம்பூரிலும் அதையொட்டிய டிராம்பேயிலும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும் இரு வேறு வழிகள் சில கிலோமீட்டர் இடைவெளியில் இயங்கிவருகின்றன. ஒன்று, இந்திய உரக் கழகத்தின் கையில் 1960-களில் தொடங்கி, 1978 முதல் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்ட்டிலைசர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் நடந்துவரும் உர ஆலை. மற்றொன்று, 1954-இல் டிராம்பே அணுசக்தி நிலையமாகத் தோன்றி, 1967-இல் ஹோமி பாபாவின் பெயரைப் பெற்ற பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வேளாண் ஆய்வுப் பணி. ஆலையில், இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுத்த ஹைட்ரஜன், 400 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்திலும் வளிமண்டல அழுத்தத்தைப் போல 100 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்திலும் நைட்ரஜனோடு இணைக்கப்பட்டு அம்மோனியாவாகி, பின் யூரியாவாகிறது. ஆய்வு மையத்தின் வயல்களிலோ, கதிர்வீச்சால் திடீர்மாற்றம் தூண்டி உருவாக்கப்பட்ட நிலக்கடலை, உளுந்து, துவரை, பாசிப்பயறு ஆகிய செடிகள், வேரில் கடுகளவே உள்ள முடிச்சுகளுக்குள், மண்ணின் இயல்பான வெப்பத்திலேயே அதே அம்மோனியாவைப் பெற்றுக்கொள்கின்றன.

முடிச்சுக்குள் இந்த வேலையைச் செய்வது செடியன்று, அதனுள் குடியேறிய ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்களே என்பது பழைய செய்தி. பயறு வகைச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை முடிச்சுகளின் வழியே பெறுகின்றன என்பதை ஜெர்மனியின் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் 1886-இல் நிறுவினர். முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் நெதர்லாந்தின் பெயரிங்க், ஆண்டு 1888. அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் விடையின்றிக் கிடந்த கேள்வி வேறு. மண்ணிலுள்ள எண்ணற்ற நுண்ணுயிரிகளை விரட்டுவதற்கென்றே நோய் எதிர்ப்பு அமைப்பை வைத்திருக்கும் ஒரு வேர், இந்த ஒன்றை மட்டும் தன் உயிரணுவுக்குள்ளேயே எப்படி அனுமதிக்கிறது? இதற்கான விடையைப் புரதங்களின் சந்திப்புகளில்தான் தேட வேண்டியிருந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி; அது மடிந்து கொள்ளும் உருவத்தைப் பொறுத்தே எதனோடு ஒட்டும், எதனோடு ஒட்டாது என்பது அமைகிறது. அதன்மேல் ஒரு பாஸ்பேட் தொகுதி ஏற்றப்பட்டாலே உருவமும் நடத்தையும் மாறிவிடக்கூடும். அப்படிப் பாஸ்பேட்டை ஏற்றும் புரதங்களுக்குக் கைனேஸ் என்று பெயர். இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் கொண்டால், பின்வருவது அனைத்தும் விளங்கும்.

முதல் அடியைச் செடிதான் எடுத்து வைக்கிறது. தழைச்சத்துக் குறைந்த மண்ணில் வளரும் பயறுச் செடியின் வேர், ஃபிளேவனாய்டு எனப்படும் சேர்மங்களைச் சுற்றிலும் கசியவிடுகிறது. பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் நாட்-டி என்ற புரதம் தனக்குப் பொருத்தமான ஃபிளேவனாய்டைச் சந்தித்ததும் செயல்திறன் பெற்று, அதுவரை உறங்கிக் கிடந்த ஒரு மரபணுத் தொகுப்பைத் தூண்டுகிறது. அந்த மரபணுக்கள் உண்டாக்கும் நொதிகள் கூடிச் செய்யும் பொருளுக்கு முடிச்சுக் காரணி என்று பெயர்; அதன் வேதி அமைப்பை 1990-இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நான்கைந்து சர்க்கரை அலகுகள் சேர்ந்த சிறு சங்கிலி, அதன் ஒரு முனையில் ஒட்டிய கொழுப்பு அமிலம், ஆங்காங்கே இனத்துக்கு இனம் மாறுபடும் சில ஒட்டுகள் என்பதே அதன் வடிவம். ஒரு லிட்டரில் ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற மிக நீர்த்த கரைசலிலும் இது வேர்த்தூவியை வளைந்து சுருளச் செய்துவிடும். ஒரு பாக்டீரியா எல்லாப் பயறுச் செடிகளிலும் முடிச்சிடாமல் சிலவற்றில் மட்டும் இடுவதற்கு, அந்த ஒட்டுகளில் உள்ள வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஓர் இடர் உண்டு. முடிச்சுக் காரணியின் முதுகெலும்பாக உள்ள சர்க்கரைச் சங்கிலி, பூஞ்சைகளின் உறையில் உள்ள கைட்டினின் துண்டுதான். கைட்டினோ, செடிக்கு நோயின் வருகையை அறிவிக்கும் அடையாளம். ஆகவே நண்பனின் அறிகுறியும் பகைவனின் அறிகுறியும் ஒரே பொருளால் ஆனவை. செடி இவ்விரண்டையும் பிரித்தறிவது, உயிரணுவின் மேற்படலத்தில் பதிந்து நிற்கும் ஏற்பிப் புரதங்களைக் கொண்டு. லோட்டஸ் ஜப்பானிகஸ் என்ற சிறு காட்டுப் பயறுச் செடியில், முடிச்சுக் காரணியை உணர என்.எஃப்.ஆர்.1, என்.எஃப்.ஆர்.5 என்ற இரண்டு ஏற்பிகள் சேர்ந்து தேவைப்படுகின்றன என்பது டென்மார்க்கின் ஆர்ஹுஸ் ஆய்வாளர்களால் 2003-இல் வெளியாயிற்று. இவ்விரண்டில் முதலாவதன் உட்பகுதி செயல்படும் கைனேஸ். இரண்டாவதன் உட்பகுதியோ பாஸ்பேட்டை ஏற்றும் திறனை இழந்தது. ஆயினும் இரண்டாவது இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. வங்கிப் பெட்டகத்தைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் ஒருசேர வேண்டியிருப்பதைப் போல, இரு ஏற்பிகளும் பக்கத்தில் வந்து சேர்ந்தால்தான் செய்தி உள்ளே போகும். இந்த இணையை, முடிச்சே இடாத புகையிலை இனமான நிகோட்டியானா பெந்தாமியானாவின் இலையில் சேர்த்து உற்பத்தி செய்யவைத்தபோது அந்த இலைப்பகுதி கருகி மடிந்தது. நட்பை உணரும் ஏற்பி, நோயை உணரும் ஏற்பியின் மிக நெருங்கிய உறவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2020-இல் அதே ஆர்ஹுஸ் குழுவினர், கைட்டினை உணரும் ஏற்பியின் வெளிப்புறத்தில் மிகச் சிறிய பகுதிகளை மட்டும் மாற்றி, அதை முடிச்சுக்கு வழிவிடும் ஏற்பியாக நடந்துகொள்ளச் செய்தனர்.

அடுத்த கண்ணி சிம்.ஆர்.கே என்ற மற்றோர் ஏற்பிக் கைனேஸ். இது 2002-இல் கண்டறியப்பட்டது. இதன் வெளிப்பகுதி வெட்டி நீக்கப்பட்ட வடிவம், முழு வடிவத்தைக் காட்டிலும் என்.எஃப்.ஆர்.5-உடன் நன்கு ஒட்டுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. அதாவது, தன்னில் ஒரு பகுதியை இழந்த பிறகே இப்புரதம் தன் துணையை இறுகப் பற்றுகிறது. இந்தக் கண்ணியைப் பற்றிய அறிவில் இந்தியாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் மைத்ரேயி தாஸ்குப்தாவின் ஆய்வுக் குழு, வெளிநாட்டு ஆய்வகங்கள் எடுத்துக்கொண்ட காட்டுச் செடிகளை விட்டுவிட்டு, உழவர் பயிரிடும் நிலக்கடலையின் சிம்.ஆர்.கே புரதத்தையே எடுத்துக்கொண்டது. அந்தப் புரதம் தன்மேலேயே, அதுவும் கைனேஸின் வாயிலில் உள்ள ஒரு டைரோசின் அமினோ அமிலத்தின்மேல், பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது என்பதை 2013-இல் அக்குழு காட்டியது. மறு ஆண்டில், அதன் உட்பகுதியை மட்டும் மெடிக்காகோ என்ற செடியின் வேரில் மிகுதியாக உண்டாக்கியபோது, பாக்டீரியாவே இல்லாத வேரில் முடிச்சுகள் தாமாகத் தோன்றின.

இதுவரை நடந்தவை உயிரணுவின் விளிம்பில். செய்தி உட்கருவுக்குச் சென்றாக வேண்டும். அதைச் சுமந்து செல்வது சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம். முடிச்சுக் காரணி பட்ட சில நிமிடங்களில், வேர்த்தூவியின் உட்கருவிலும் அதைச் சுற்றிலும் கால்சியத்தின் அளவு ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை திடீரென உயர்ந்து தாழ்கிறது. ஒழுங்கு தவறாத இந்த ஏற்ற இறக்கத்தை 1996-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஷேரன் லாங்கின் ஆய்வகம் முதன்முதலில் பதிவு செய்தது. அந்த ஏற்ற இறக்கத்தைப் படித்துப் பொருள்கொள்ளும் புரதம் சி.சி.ஏ.எம்.கே என்பது. கால்சியத்தைத் தானே நேராகப் பிடிக்கும் பகுதியும், கால்சியம் ஏற்ற கால்மோடுலின் என்ற சிறு புரதத்தைப் பிடிக்கும் பகுதியும் அதில் இருக்கின்றன. கால்சியம் தாழ்ந்திருக்கும்போது அது தன்மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டு தன்னைத்தானே அடக்கி வைத்திருக்கிறது. கால்சியம் உயர்ந்து கால்மோடுலின் வந்து ஒட்டும்போது அந்தத் தடை தளர்கிறது. அந்த ஓர் இடத்தின் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டால் தடையே இல்லாமல் போய், பாக்டீரியா இல்லாமலேயே வேர் முடிச்சிடுகிறது என்பதை 2006-இல் இரு குழுக்கள் தனித்தனியே கண்டன. முடிச்சைக் கட்டும் திட்டம் முழுவதும் செடியிடமே இருக்கிறது, பாக்டீரியா அதைத் தொடங்கி மட்டும் வைக்கிறது என்ற உண்மை இந்தச் சோதனையால் நிலைபெற்றது. இத்துறையின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு இதுவே எனலாம்.

சி.சி.ஏ.எம்.கே எப்போதும் சைக்ளாப்ஸ் என்ற புரதத்தோடு சேர்ந்தே இருக்கிறது. தடை தளர்ந்ததும் சைக்ளாப்ஸின் இரண்டு செரின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்ற, சைக்ளாப்ஸ் டி.என்.ஏ-வின் மேல் சென்று அமர்ந்து, நின் என்ற மரபணுவை இயக்குகிறது. இது 2014-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் உறுதியாயிற்று. இந்தச் சேர்க்கையில் என்.எஸ்.பி.1, என்.எஸ்.பி.2 என்ற இணையும், இவற்றுக்கும் சைக்ளாப்ஸுக்கும் இடையே பாலமாக டெல்லா வகைப் புரதமும் வந்து கூடுகின்றன. டெல்லா என்பது செடியின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் புரதக் குடும்பம்; பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையைக் குட்டையாக்கியது இக்குடும்பத்துப் புரதம் ஒன்றில் நேர்ந்த மாற்றமே. வளர்ச்சியை அடக்கும் ஒரு புரதம் முடிச்சிடுவதற்கான ஒப்புதலிலும் பங்கேற்கிறது என்றால், செடி தன் உணவு நிலையையும் வளர்ச்சி நிலையையும் எடைபோட்ட பின்பே விருந்தாளியை ஏற்கிறது என்று பொருள்.

ஆனால் மேற்சொன்ன சித்திரம், பாக்டீரியா சுருண்ட வேர்த்தூவியின் வழியே, தொற்று இழை எனப்படும் மெல்லிய குழாய்க்குள் பயணம் செய்து உள்ளே போகும் செடிகளுக்கு உரியது. நிலக்கடலையில் கதை வேறு. பக்க வேர் வெளிப்படும் இடத்தில் தோல் விரிந்து உண்டாகும் பிளவின் வழியே பாக்டீரியா நுழைந்து, உயிரணுக்களின் இடைவெளியில் பரவி, பிறகே உள்ளே இடம்பிடிக்கிறது. தொற்று இழை அங்கே உருவாவதேயில்லை. இதனால்தான் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சுகள் வேரின் நெடுகக் கண்டபடி இல்லாமல் பக்க வேர்களின் கவட்டிலேயே அமைந்திருக்கும். சி.சி.ஏ.எம்.கே மரபணுவின் குரலை நிலக்கடலையில் அடக்கிப் பார்த்த கொல்கத்தாக் குழு, முடிச்சுகள் குன்றிப் போவதோடு, முடிச்சின் உயிரணுக்களுக்குள் பாக்டீரியா பரவுவதும் தடைப்படுவதை 2009-இல் வெளியிட்டது. வாயில் வேறாயினும் காவலர் அதே புரதங்கள்தாம் என்பதை அது காட்டியது. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம், முடிச்சே இடாத நிலக்கடலை வகைகளை 1980 வாக்கில் ஆராய்ந்து, இக்குறைக்கு இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் சேர்ந்து காரணம் என்று சொல்லியிருந்தது. நிலக்கடலை இரு மூதாதைச் செடிகளின் மரபணுத் தொகுதிகளைச் சேர்த்துச் சுமக்கும் பயிர். பழுதுற்றவை மேலே சொன்ன என்.எஸ்.பி.2 மரபணுவின் இரு நகல்கள் என்பது அண்மை ஆண்டுகளில் தெரியவந்தபோது, பட்டன்சேருவின் வயல் கணக்கும் மூலக்கூறு ஆய்வும் ஒன்றோடொன்று பொருந்தின.

தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பயன்படுத்தும் நெட்டியின் பேரினத்தைச் சேர்ந்த சில செடிகள் இன்னும் ஒரு படி மேலே போய், முடிச்சுக் காரணியை உண்டாக்கும் மரபணுக்களே இல்லாத பாக்டீரியாவையும் ஏற்று முடிச்சிடுகின்றன. 2007-இல் இது வெளிவந்தபோது துறையே வியந்தது. நுழையும் வழி மாறக்கூடியது என்பதற்கு டிராம்பேக்கு நெருக்கமான சான்று மணிலா அகத்தி. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பசுந்தாள் உரச் செடி, வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முடிச்சிடுவதால் நீர் தேங்கிய நெல் வயலிலும் தழைச்சத்தைச் சேர்க்க வல்லது. ஆனால் பகல் குறுகும் பருவத்தில் சீக்கிரமே பூத்துவிடுவதால் தழை குறைந்துவிடும். பாபா அணு ஆராய்ச்சி மையம் திடீர்மாற்றத்தின் வழியே, தாமதமாகப் பூத்து மிகுதியான தழை தரும் டி.எஸ்.ஆர்-1 என்ற வகையை உருவாக்கியது. மணிலா அகத்தியின் வேர் உலர்ந்த நிலத்தில் இருக்கும்போது வேர்த்தூவியின் வழியே பாக்டீரியாவை ஏற்கிறது. நீரில் மூழ்கியதும் எத்திலீன் வாயு வேரில் தேங்க, வேர்த்தூவி வழி அடைபட்டு, பக்க வேரின் பிளவு வழி திறக்கிறது. ஒரே செடிக்குள் இரு வழிகளும் இருப்பதால், ஒவ்வொரு வழிக்கும் எந்தப் புரதம் எவ்வளவு தேவை என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல செடி கிடையாது. பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள்.

நின் இயங்கத் தொடங்கிய பின் செடிக்கு வேறொரு கவலை வருகிறது. ஒவ்வொரு முடிச்சுக்கும் இலை தயாரிக்கும் சர்க்கரையில் பங்கு கொடுத்தாக வேண்டும். ஆகவே நின் தானே சில சிறு புரதத் துணுக்குகளை உண்டாக்கச் செய்து தண்டுக்கு அனுப்புகிறது. அங்குள்ள ஓர் ஏற்பிக் கைனேஸ் அவற்றைப் பிடித்ததும், இனிப் புதிய முடிச்சுகள் வேண்டாம் என்ற செய்தி வேருக்குத் திரும்புகிறது. இந்த ஏற்பி பழுதுபட்ட சோயாச் செடி பல மடங்கு முடிச்சிடுவதை ஆஸ்திரேலியாவில் கிரெஸ்ஹாஃப் குழுவினர் 1985-இல் கண்டனர். முடிச்சு மிகுந்தால் விளைச்சலும் மிகும் என்ற நம்பிக்கை அப்போது எழுந்தது. நடந்ததோ, அச்செடிகள் பெரும்பாலும் குன்றியே வளர்ந்தன. டிராம்பேயில் நெடுங்காலம் பணியாற்றிய சி.ஆர். பாட்டியா, முடிச்சிடுதலைப் பாதிக்கும் இத்தகைய திடீர்மாற்றங்களை எல்லாம் தொகுத்து, அவற்றின் வேளாண் பயனை ஆராய்ந்து, வேறிருவரோடு சேர்ந்து 2001-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது.

செம்பூர் ஆலையின் யூரியாவும் இந்தக் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். யூரியா மண்ணில் சிதைந்து நைட்ரேட்டாகிறது. வேர் நைட்ரேட்டை உணர்ந்ததும், என்.எல்.பி எனப்படும் புரதங்கள் உட்கருவுக்குள் நுழைந்து நின் புரதத்தையே பற்றிக்கொண்டு, அதன் வேலையை நிறுத்துகின்றன. 2018-இல் மெடிக்காகோ செடியில் இது நிறுவப்பட்டது. யூரியா கொட்டிய வயலில் பயறுச் செடி முடிச்சிட மறுப்பது சோம்பலால் அன்று, இரு புரதங்களின் நேரடிப் பிணைப்பால். பயறு விதைத்த நிலத்தில் அளவுக்கு மீறி யூரியா இடும் உழவர், செடி இலவசமாகச் செய்யவிருந்த வேலையைக் காசு கொடுத்து நிறுத்துகிறார்.

முடிச்சின் உள்ளே நடப்பதும் புரதங்களின் சந்திப்பே. காற்றிலுள்ள நைட்ரஜனை உடைக்கும் நைட்ரஜனேஸ், ஒற்றைப் புரதமன்று, இரண்டு புரதங்களின் கூட்டு. இரும்பு கொண்ட சிறிய புரதம், இரும்பும் மாலிப்டினமும் கொண்ட பெரிய புரதத்தின்மேல் வந்து ஒட்டி, ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து, விலகி, மறுபடி வந்து ஒட்டுகிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அம்மோனியாவாக மாற இப்படி 8 முறை சந்திக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் 2 ஏ.டி.பி வீதம் 16 ஏ.டி.பி மூலக்கூறுகள் செலவாகும். இந்த நொதி ஆக்சிஜன் பட்டாலே கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்று ஆக்சிஜனை இறுகப் பிடித்து அளந்து கொடுப்பது, நம் குருதியின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின். விதைத்து ஒரு மாதம் கடந்த கடலைச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு இந்தப் புரதத்தின் நிறம்தான். உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சில் வேலை நடக்கவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலக்கடலைக்குப் பரிந்துரைக்கும் டி.என்.ஏ.யு-14 ரைசோபியத்தை, எக்டருக்கு 600 கிராம், அதாவது 3 பொட்டலம் வீதம், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்தி விதைப்பதன் நோக்கம், பொருத்தமான பாக்டீரியா முளைக்கும் வேரின் அருகிலேயே இருக்கச் செய்வது. வெயிலில் காயவைத்தால் அந்த உயிர்கள் மடிந்து, செலவு வீணாகும்.

நெல்லும் இப்படி முடிச்சிடக் கூடாதா என்ற கேள்வி பல பத்தாண்டுகளாகக் கேட்கப்படுகிறது. நெல்லிடம் சிம்.ஆர்.கே, சி.சி.ஏ.எம்.கே, சைக்ளாப்ஸ் ஆகியவை ஏற்கெனவே இருக்கின்றன. மணிச்சத்தைக் கொண்டுவரும் வேர்ப்பூஞ்சைகளை வரவேற்க அவை பயன்படுகின்றன. நெல்லின் சி.சி.ஏ.எம்.கே-வை, அப்புரதம் பழுதுற்ற பயறுச் செடியில் சேர்த்தபோது அச்செடி முடிச்சிட்டது. பூஞ்சை உறவு 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பயறுச் செடிகள் அந்தப் பழைய புரதங்களைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டன. ஆகவே நெல்லுக்குக் குறைவாக இருப்பவை ஏற்பியின் நுணுக்கமும், நின் மரபணுவை முடிச்சுக்குத் திருப்பும் இணைப்பும், ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும்.

இவற்றைக் கட்டியெழுப்ப மேலை ஆய்வகங்கள் எடுத்துக்கொள்வது வேர்த்தூவி, தொற்று இழை என்ற சிக்கலான வழியை. நெல் வயலின் தேங்கிய நீரில் அந்த வழி எளிதில் அடைபடும் என்பதை மணிலா அகத்தியே சொல்லிவிட்டது. பிளவின் வழியே நுழையவிடும் நிலக்கடலையின் எளிய முறை நெல்லுக்கு அதிகம் பொருந்தும் என்று கருத இடமிருக்கிறது. அம்முறையின் புரதங்களை ஆராயத் தேவையான திடீர்மாற்ற விதைகள் டிராம்பேயிலும், முடிச்சிடாத வகைகள் பட்டன்சேருவிலும், கைனேஸ் ஆய்வின் கைத்திறன் கொல்கத்தாவிலும் இருக்கின்றன. இம்மூன்றையும் நிலக்கடலைக்கென்றே ஒரு நீண்டகாலத் திட்டத்தின் கீழ் கொண்டுவந்து, ஆண்டுதோறும் யூரியா மானியத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கையேனும் இந்திய அரசு அதற்கு ஒதுக்க வேண்டும்.